வலிக்காத கால்: தோட்டப்புற ஊர்களில் நீரிழிவு நரம்புப் பாதிப்பைக் கண்டுபிடிப்பதும் காலைக் காப்பதும்

செம்பனை மட்டையின் முள் ரப்பர் பூட்ஸைத் துளைத்து உள்ளே போனால், காலில் உணர்ச்சி உள்ளவர் குலை வெட்டுவதை அங்கேயே நிறுத்திவிட்டு உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றுவார். உணர்ச்சி போனவர் வேலை முடியும்வரை நடப்பார். வீட்டு வாசலில் பூட்ஸைக் கழற்றும்போது காலுறை ஈரமாக இருப்பதைப் பார்த்து வியர்வை என்று நினைப்பார். மூன்றாம் நாள் வாடை வரும்போதுதான் யாராவது பாதத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் நீரிழிவு காலைப் பறிப்பது பெரும்பாலும் இப்படிச் சத்தமில்லாமல்தான்.

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. நீரிழிவு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஏதாவது ஒரு கட்டத்தில் நரம்பு பாதிக்கப்படுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஒவ்வொரு லயத்திலும் (தோட்டத்து வரிசை வீடுகள்) தாமானிலும் (வீடமைப்புப் பகுதி) காலை யாராவது கவனித்துப் பார்க்கவேண்டிய நிலையில் உள்ளவர்கள் இருக்கிறார்கள். ‘இனிப்பு நீர் இருக்கு, ஆனா ஒன்னும் பண்ணல’ என்று சொல்பவர்களும் அதில் சேர்த்தி.

எது முதலில் கெடுகிறது

முதுகுத்தண்டின் அடியிலிருந்து கால்விரல் நுனிவரை ஓடும் நரம்பிழை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். உடம்பிலேயே நீளமான இழை அதுதான். அதற்குப் பிராணவாயு கொண்டுபோகும் இரத்தக் குழாய்கள் தலைமுடியைவிட மெல்லியவை. இரத்தத்தில் சக்கரை பல ஆண்டுகள் கூடுதலாக இருக்கும்போது அந்தக் குழாய்கள் தடித்துச் சுருங்குகின்றன. நரம்பு உயிரணுவுக்குள் தேங்கும் சக்கரை வேறு பொருள்களாக மாறி உள்ளிருந்தும் அரிக்கிறது. நீளமான இழையே முதலில் அடிபடும் என்பதால் பாதிப்பு விரல் நுனியில் தொடங்கி, காலுறை போட்ட மாதிரி மேலே ஏறுகிறது. முழங்காலை நெருங்கும் சமயத்தில் கைவிரல் நுனிகளும் மரத்துப்போகத் தொடங்கும்.

இரண்டு காலிலும் ஒரே மாதிரி வருவது இதன் அடையாளம். ஒரு காலில் மட்டும், இடுப்பிலிருந்து சுளீரென்று இறங்கும் வலி பெரும்பாலும் முதுகெலும்பு சார்ந்தது. குலை தூக்கியும் குனிந்து உதிரிப் பழம் பொறுக்கியும் வேலை செய்தவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். ஆகவே கிளினிக்கில் ‘கால் வலிக்குது’ என்று மட்டும் சொல்லாமல் எந்தக் கால், எங்கே தொடங்குகிறது, இரவிலா பகலிலா என்று பிரித்துச் சொல்லுங்கள்.

தொடு உணர்ச்சி நரம்பு போனால் முள்ளும் சூடும் தெரியாது. தசையை இயக்கும் நரம்பு போனால் பாதத்தின் சின்னத் தசைகள் மெலிந்து விரல்கள் பறவையின் நகம்போல் வளையும். விரல் கணுவும் பாதத்தின் முன்மேடும் செருப்பில் உராய்ந்து காய்ப்பு விழும். வியர்வையை நடத்தும் நரம்பு போனால் பாதம் காய்ந்து பித்தவெடிப்பு ஆழமாகும். மூன்றும் ஒரே பாதத்தில் கூடும்போது புண் வருகிறது. காய்ப்பு என்பது தோலுக்கு மேலே இருக்கும் கல் மாதிரி. ஒவ்வோர் அடிக்கும் கீழே உள்ள சதையை நசுக்கும். வெளியே தோல் முழுசாகத் தெரியும், உள்ளே சதை சிதைந்து நீர்கோத்திருக்கும். காய்ப்புக்கு அடியில் கறுஞ்சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தால் அது இரத்தம். அன்றே கிளினிக்கில் காட்டவேண்டும்.

தொடக்கத்தில் சிலருக்கு எரியும், ஊசி குத்தும், எறும்பு ஊரும், மின்சாரம் பாய்ந்த மாதிரி இழுக்கும். இரவில் கூடும். போர்வை பட்டாலே தாங்காது. எரிகிறவர் கிளினிக்குக்குப் போய்விடுகிறார். மரத்துப்போனவர்தான் போவதில்லை, ஆபத்தும் அவருக்கே அதிகம். இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. இரண்டு வருடம் எரிந்துகொண்டிருந்த கால் எந்தச் சிகிச்சையும் இல்லாமல் அமைதியானால், குடித்த கசாயம் கேட்டுவிட்டது என்று குடும்பமே மகிழ்கிறது. எரிச்சலைச் சொல்ல ஆளில்லாமல் நரம்பு செத்துப்போயும் இருக்கலாம். அந்த வாரமே கீழே உள்ள சோதனையைச் செய்து பாருங்கள்.

வீட்டிலேயே செய்யும் ஆறு விரல் சோதனை

இங்கிலாந்தின் இப்ஸ்விச் மருத்துவமனையில் உருவாக்கப்பட்ட சோதனை இது. கருவி எதுவும் வேண்டாம், ஆள்காட்டி விரல் போதும். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

காலுறையைக் கழற்றி, கால் நீட்டிப் படுக்கவோ சாயவோ வையுங்கள். முதலில் வலது காலைத் தொட்டு ‘இது வலது’, இடதைத் தொட்டு ‘இது இடது’ என்று சொல்லிவிடுங்கள். பிறகு சொல்லவேண்டியது இவ்வளவுதான்: “அம்மா, கண்ண மூடிக்குங்க. விரல் நுனிய லேசா தொடுவேன். தெரிஞ்சா வலது, இடதுன்னு மட்டும் சொல்லுங்க.”

வரிசை இது: வலது பெருவிரல், வலது சுண்டுவிரல், இடது பெருவிரல், இடது சுண்டுவிரல், வலது நடுவிரல், இடது நடுவிரல். ஒவ்வொரு விரல் நுனியிலும் இறகு பட்ட மாதிரி ஒன்று அல்லது இரண்டு நொடி வையுங்கள். பதில் வராவிட்டால் மறுபடி தொடவேண்டாம். தெரியவில்லை என்று குறித்துக்கொண்டு அடுத்த விரலுக்குப் போங்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது என்று பொருள்.

இதில் தவறு நடப்பது மூன்று இடத்தில். அழுத்தினால் ஆழத்தில் உள்ள நரம்பு சொல்லிவிடும், மேல்தோலின் குறை மறைந்துபோகும். தட்டுவதும் தடவுவதும் அப்படியே. ஒவ்வொரு முறையும் ‘தெரியுதாம்மா?’ என்று கேட்டால் பெற்றவர்கள் பிள்ளையின் மனம் நோகக்கூடாதென்று ஆமாம் என்பார்கள், கேட்காமல் தொடுங்கள். விரலில் தடித்த காய்ப்பு இருந்தால் அதை விட்டுப் பக்கத்துத் தோலைத் தொடுங்கள்.

முடிவு நன்றாக இருந்தாலும் கிளினிக் சோதனைக்கு இது மாற்றாகாது. சந்தேகம் வந்தால் அடுத்த அப்பாயிண்ட்மெண்ட்வரை காத்திராமல் போவதற்கான காரணம் கையில் கிடைக்கிறது, அதற்காகத்தான் இது.

கிளினிக்கில் கேட்டு வாங்கவேண்டியவை

இரண்டாம் வகை நீரிழிவுக்காரருக்கு நோய் தெரிந்த நாளிலிருந்தே வருடத்துக்கு ஒரு முறை பாதச் சோதனை வேண்டும். முதல் வகைக்கு ஐந்தாண்டுகளுக்குப் பிறகு. குடிமக்களுக்கு அரசாங்க கிளினிக்கில் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்). ஆனால் கூட்டம் அதிகம், நேரம் குறைவு. செருப்போடு உட்கார்ந்து மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு திரும்பினால் பாதச் சோதனை நடக்காது. கூப்பிடுவதற்கு முன்பே காலுறையைக் கழற்றிவிடுங்கள். ‘டாக்டர், இந்த வருஷம் காலைப் பார்க்கல’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தாதியிடமோ நீரிழிவு ஆலோசகரிடமோ சொன்னாலும் போதும்.

அங்கே நைலான் இழை ஒன்றால் பாதத்தின் சில இடங்களைத் தொடுவார்கள். அது வளையும் அளவுக்கு அழுத்தினால் சரியாக 10 கிராம் விசை விழும். அது தெரியாத பாதம் புண்ணுக்கு ஆளாகும் பாதம். 128 ஹெர்ட்ஸ் அதிர்வுக் கவையைப் பெருவிரல் எலும்பில் வைத்து அதிர்வு எப்போது நிற்கிறது என்று கேட்பார்கள். பாதத்தின் மேற்புறத்திலும் கணுக்கால் உட்பக்கத்திலும் நாடி பார்ப்பார்கள். நரம்பும் கெட்டு, இரத்த ஓட்டமும் குறைந்த கால்தான் வெட்டும் நிலைக்கு வேகமாகப் போகும். கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்து, நின்றால் விடுகிறது என்றால் அதை மறக்காமல் சொல்லுங்கள்.

மெட்பார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகளாகச் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம்; அதுவும் இதே மரமரப்பைத் தரும். மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்களுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், கொடுத்தால் தேறும். ஆகவே பி12, தைராய்டு, சிறுநீரகம் மூன்றையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். மருந்தகத்தில் சொந்தமாக வாங்கும் ‘நரம்பு வைட்டமின்’ விஷயத்தில் கவனம் வேண்டும். அவற்றில் பி6 அதிக அளவில் இருந்து, மாதக் கணக்கில் தொடர்ந்து சாப்பிட்டால் பி6ஏ நரம்பைக் கெடுக்கும்.

கள்ளும் சம்சு என்னும் மலிவுச் சாராயமும் தனியாகவே நரம்பை அழிப்பவை. குடிக்கும் பழக்கம் இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். காரணத்தைப் பிரித்தறிய அவருக்கு அது தேவை.

ஒவ்வோர் இரவும் ஐந்து நிமிடம்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள். குளித்துவிட்டுப் படுக்கப் போகுமுன், நல்ல வெளிச்சத்தில், பாதத்தின் மேல், அடி, குதிகால், விரலிடுக்கு நான்கையும் பாருங்கள். குனிய முடியாதவர் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து அதன்மேல் பாதத்தைக் காட்டலாம். நீரிழிவு கண்ணையும் பாதித்திருந்தால் சொந்தப் பார்வையை நம்பவேண்டாம். பேரப்பிள்ளையிடம் கைப்பேசியைக் கொடுத்துப் பாதத்தின் அடியைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். நேற்றைய படத்தோடு ஒப்பிட்டால் புதிய சிவப்பு உடனே தெரியும்.

பார்த்தபின் தடவிப் பாருங்கள். புறங்கையை ஒரு பாதத்திலும் பிறகு மறு பாதத்தில் அதே இடத்திலும் வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் தெளிவாகச் சூடாக இருந்தால், தோல் கிழியாவிட்டாலும் உள்ளே ஏதோ நடக்கிறது. ஒரு பாதம் சிவந்து, வீங்கி, சுட்டு, ஆனால் வலி அதிகம் இல்லாமல் இருந்தால் அது எலும்பு நொறுங்கும் நிலையாக இருக்கலாம். மருத்துவத்தில் சார்கோ பாதம் என்பார்கள். சுளுக்கு என்று உருவிவிடுவதும், நடந்தால் சரியாகும் என்று நடப்பதும் பாதத்தின் வளைவையே உடைத்துவிடும். அந்தக் காலைத் தரையில் ஊன்றாமல் அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

கழுவும் தண்ணீரை முழங்கையால் சோதியுங்கள், காலால் வேண்டாம். வெதுவெதுப்பு, அதாவது 37 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. ஊறவைக்க வேண்டாம், ஊறிய தோல் எளிதில் பிளக்கும். துடைக்கும்போது விரலிடுக்கைத் தனித்தனியாக ஒற்றி எடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில், அதுவும் நாள் முழுக்க பூட்ஸுக்குள் இருந்த காலில், நான்காம் ஐந்தாம் விரலுக்கு இடையில்தான் சேற்றுப்புண் வெள்ளையாகப் பூக்கும். அந்தப் பிளவு கிருமிக்குக் கதவு. பாதத்தின் மேலும் அடியிலும் கிளினிக்கில் தரும் கிரீமோ தேங்காய் எண்ணெயோ பூசலாம், விரலிடுக்கில் பூசக்கூடாது. பித்தவெடிப்பு ஆழமாக இருந்தால் யூரியா கலந்த கிரீமைக் கேட்டு வாங்குங்கள்.

நகத்தை நேராக வெட்டி, முனையை அரத்தால் மழுக்குங்கள். ஓரத்தில் ஆழமாக வெட்டினால் நகம் சதைக்குள் வளரும். காய்ப்பையும் ஆணியையும் பிளேடால் சீவுவது, மருந்தகத்தில் விற்கும் ஆணி பிளாஸ்டரை ஒட்டுவது இரண்டும் வேண்டாம். அந்தப் பிளாஸ்டரில் உள்ள அமிலம் காய்ப்புக்கும் நல்ல சதைக்கும் வித்தியாசம் பார்க்காது.

படுக்கும்முன் பாதத்தில் சோற்று வாடையோ கறி வாடையோ இல்லாதபடி கழுவுங்கள். உணர்ச்சியற்ற விரலை எலி கடிப்பதும், விடிந்து துணியில் இரத்தத்தைப் பார்த்த பிறகே தெரிவதும் மருத்துவத்தில் பதிவான உண்மை. பழைய லயத்து வீடுகளில் படுப்பவர்கள் தளர்வான பருத்திக் காலுறை போட்டு, கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிவிடுங்கள்.

செருப்பும் பூட்ஸும்

பழைய காலண்டர் அட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம், கால் சற்று வீங்கியிருக்கும் வேளையில், அட்டைமேல் இரு காலிலும் எடை விழும்படி நிற்கவேண்டும். வீட்டில் ஒருவர் பென்சிலை நேராகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வரையட்டும். வெட்டி எடுத்த அட்டையை இப்போது போடும் ஷூவுக்குள் நுழைத்துப் பாருங்கள். அட்டையின் ஓரம் மடங்கினால் அந்த ஷூ தினமும் உங்கள் பாதத்தை அதே இடத்தில் மடக்குகிறது. நீளமான விரலுக்கு முன்னால் 1 முதல் 2 சென்டிமீட்டர் இடம் மிச்சம் இருக்கவேண்டும். இரவுச் சந்தைக்குப் போகும்போது அந்த அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். உணர்ச்சியற்ற பாதம் ‘இறுக்கமா இருந்தாத்தான் போட்ட மாதிரி இருக்கு’ என்று சொல்லும், நம்பக்கூடாது. புதிய ஷூவை முதல் நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் போடாதீர்கள். கழற்றியதும் எங்கே சிவந்திருக்கிறது என்று பாருங்கள்.

விரலிடுக்கில் வார் உள்ள ஜப்பான் சிலிப்பரை மரத்துப்போன கால் பிடித்துக்கொள்ளாது. நழுவி விழுந்ததுகூடத் தெரியாமல் வெறுங்காலோடு நடப்பவர்கள் உண்டு. குதிகாலில் பட்டை உள்ளதை வாங்குங்கள். வீட்டுக்குள்ளும் செருப்பு போடும் வழக்கம் நமக்கு இல்லை. வீட்டுக்கென்று தனியாக ஒரு ஜோடியைக் கழுவி வைத்துக்கொண்டால் அந்தச் சங்கடம் தீர்ந்துவிடும்.

செம்பனைக் காட்டுக்கு வேலைக்குப் போகிறவருக்கு இரண்டு ஜோடி பூட்ஸ் வேண்டும். ஒன்றைப் போடும் நாளில் மற்றது செய்தித்தாள் திணித்துக் காயட்டும். போடுமுன் தலைகீழாகத் தட்டுங்கள், பிறகு கையை உள்ளே விட்டு நுனிவரை தடவுங்கள். தேள், கல் மட்டும் தேடினால் போதாது. அடித்தோலைத் துளைத்து நுனி நீட்டிக்கொண்டிருக்கும் செம்பனை முள் கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும். வெள்ளைக் காலுறை போடுங்கள், இரத்தமோ நீரோ கசிந்தால் காட்டிக்கொடுக்கும். தையல் தடிப்பாக இருந்தால் உள்வெளியாகத் திருப்பிப் போடுங்கள்.

பூட்ஸ் முள்ளுக்கு மட்டுமன்று. இந்நாட்டு மண்ணிலும் தேங்கிய நீரிலும் மெலியோய்டோசிஸ் என்ற கடுமையான நோயின் கிருமி உண்டு. வெட்டுக்காயம் வழியாக உள்ளே போய், நீரிழிவுக்காரர்களைத்தான் அதிகம் பிடிக்கிறது. எலிச் சிறுநீர் கலந்த சேற்றால் வரும் எலிக்காய்ச்சலுக்கும் காயம்தான் வழி. மழைக்குப் பின் காயத்தோடு சேற்றில் இறங்கியவருக்குக் காய்ச்சல் வந்தால், நீரிழிவு உள்ளதையும் சேற்றில் நின்றதையும் டாக்டரிடம் சேர்த்துச் சொல்லவேண்டும்.

மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காருபவர் வலது கெண்டைக்காலைப் புகைக்குழாயிலிருந்து தள்ளி வைக்கவேண்டும். உணர்ச்சி உள்ளவருக்கே கொப்பளிக்கும் சூடு அது; இல்லாதவர் காலை எடுக்கவே மாட்டார்.

கோயில், நேர்த்திக்கடன், கூழாங்கல் பாதை

கோயிலுக்குச் செருப்பில்லாமல்தான் போகவேண்டும், அதைத் தவிர்க்கச் சொல்வது நியாயமில்லை. நேரத்தை மாற்றலாம். நண்பகலில் சிமெண்டுத் தரையும் தார்ச்சாலையும் பாதத்தை வேகவைக்கும். விடியற்காலையிலோ பொழுது சாய்ந்தோ போங்கள். தடித்த வெள்ளைக் காலுறை போட்டுக்கொள்ள கோயிலில் அனுமதி கேளுங்கள், காரணம் சொன்னால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். தைப்பூசத்தில் பத்துமலையின் 272 படிகளையும் ஏறி இறங்கி வந்ததும் ஓரமாக உட்கார்ந்து பாதத்தைப் பார்த்துவிட்டே வண்டி ஏறுங்கள்.

தீமிதி வேறு விஷயம். சோதனையில் உணர்ச்சி குறைந்தவர் தீ மிதிக்கக்கூடாது. தணல் காலில் ஒட்டிக்கொண்டாலும் தெரியாது, வெந்த ஆழமும் தெரியாது. வேண்டுதல் இருந்தால் பால்குடமோ அன்னதானமோ செய்யலாமா என்று பூசாரியிடம் பேசுங்கள். பூங்காக்களில் இருக்கும் கூழாங்கல் நடைபாதையும், ‘நரம்பு தூண்டும்’ என்று விற்கும் முள் பலகையும், சுடுதண்ணீர்ப் பையும், மீன் கடிக்கும் தொட்டியும் மரத்துப்போன காலுக்கு வேண்டவே வேண்டாம்.

காயம் பட்டுவிட்டால்

ஓடும் சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள். சுத்தமான துணியால் ஒற்றி, மருந்தகத்தில் கிடைக்கும் கட்டுத்துணியால் மூடி, இறுக்காமல் ஒட்டுங்கள். மஞ்சள் தூள், காப்பித்தூள், பற்பசை, மூலிகைப் பற்று எதுவும் வேண்டாம். மஞ்சள் மருந்தும் வேண்டாம், நிறம் ஏற்றிவிட்டால் சிவப்பு பரவுவதைப் பார்க்க முடியாது. சிவப்பின் ஓரத்தில் பால்பாயிண்ட் பேனாவால் கோடு போட்டு மணியை எழுதுங்கள். அந்தக் காலை ஊன்றாமல் உட்காருங்கள். சின்னக் காயமானாலும் ஒரு நாளுக்குள் கிளினிக்கில் காட்டிவிடுங்கள்.

காத்திருக்கக்கூடாதவை இவை: சிவப்பு கோட்டைத் தாண்டுவது அல்லது காயத்தைச் சுற்றி 2 சென்டிமீட்டருக்கு மேல் இருப்பது, சீழ், துர்நாற்றம், விரல் கறுப்பது, காய்ச்சல், குளிர் நடுக்கம், காரணமில்லாமல் சக்கரை ஏறுவது. நள்ளிரவானாலும் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், வண்டி இல்லாவிட்டால் 999. சுங்கை சிப்புட்டில் பார்த்து ஈப்போ பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினால், ‘நாளைக்குச் சம்பள நாள், முடிச்சிட்டுப் போறேன்’ என்று தள்ளிவைக்காதீர்கள். கிருமி பரவும் பாதத்தில் ஓர் இரவு என்பது ஒரு விரலா, கணுக்கால்வரையா என்ற வித்தியாசம்.

புண்ணுக்கு மருந்து போட்டுவிட்டு அதே காலில் நடந்தால் ஆறாது. ஆறாத புண்களுக்குப் பெரும்பாலும் காரணம் மருந்தல்ல, எடை. எடையைத் தாங்கும் கட்டு, தனிச் செருப்பு, ஊன்றுகோல் இவற்றைக் கேளுங்கள். வேலைக்கு விடுப்புச் சீட்டும் கேளுங்கள்.

எரிச்சலுக்கு மருந்து

சாதாரண வலி மாத்திரைகள் நரம்பு எரிச்சலை அதிகம் தொடுவதில்லை. சில வலி மாத்திரைகள், ஏற்கெனவே தளர்ந்த சிறுநீரகத்தைக் கெடுக்கும். டாக்டர் தரக்கூடியவை அமிட்ரிப்டிலின், டுலோக்ஸிடின், கபாபென்டின், பிரிகாபலின். அமிட்ரிப்டிலின் வழக்கமாக இரவில் 10 அல்லது 25 மில்லிகிராமில் தொடங்கும். வாய் உலரும், தூக்கம் வரும். விடிகாலைப் பெரட்டுக்கு (வேலை தொடங்குமுன் ஆள் கணக்கெடுப்பதற்கு) மோட்டார் சைக்கிள் ஓட்டிப் போகிறவர் படுக்கும் நேரத்தில் சாப்பிட்டால் விடியலிலும் மயக்கம் இருக்கும். இரவு 8 மணிக்கே சாப்பிடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். இதயக் கோளாறு, கண் அழுத்தம், சிறுநீர் அடைப்பு உள்ளவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். டுலோக்ஸிடின் தொடக்கத்தில் குமட்டும், சாப்பாட்டோடு எடுத்தால் குறையும். பிரிகாபலின் கால் வீக்கத்தைத் தரலாம். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அளவைக் குறைக்கவேண்டும்.

மூன்று நாளில் கேட்கவில்லை என்று நிறுத்துவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. இரண்டு, மூன்று வாரம் ஆகும். வலி பாதியாகக் குறைந்தாலே அது நல்ல பலன். இந்த மருந்துகள் வலியை அடக்கும், செத்த நரம்பை மீட்காது. போர்வை படாமலிருக்கக் கால்மாட்டில் ஓர் அட்டைப்பெட்டியை வைத்து அதன்மேல் போர்வையைப் போடலாம்.

‘நரம்புக்கு நல்லது’ என்று வரும் சூரணமும் ஜாமு என்னும் பாரம்பரிய மூலிகை மருந்தும் வாங்குவதானால் பெட்டியில் எம்ஏஎல் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவில்லாத சிலவற்றில் ஸ்டிராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. சாப்பிட்டதும் வலி பறந்துவிடும், சக்கரை தாறுமாறாக ஏறும்.

காலுக்கு வெளியே கெடும் நரம்புகள்

படுக்கையிலிருந்து எழுந்ததும் தலை சுற்றினால், படுத்திருக்கும்போதும் எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள்ளும் இரத்த அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 20ஓ அதற்கு மேலோ விழுந்தால் குழாயைச் சுருக்கும் நரம்பு சோம்பியிருக்கலாம். எழும்போது ஒரு நிமிடம் கட்டிலில் உட்கார்ந்து, கணுக்காலைப் பத்து முறை ஆட்டிவிட்டு நில்லுங்கள்.

வயிற்று நரம்பு தளர்ந்தால் நாலு வாய் சாப்பிட்டதுமே நிறைந்துவிடும், வாந்தி வரும். இன்சுலின் போடுபவர்களுக்கு இதில் தனி ஆபத்து: ஊசி வேலையைத் தொடங்கிவிடும், சோறு இன்னும் வயிற்றிலேயே இருக்கும். சக்கரை முதலில் விழுந்து பிறகு ஏறும். சக்கரை 4.0 mmol/L-க்குக் கீழே போனால் ஒரு மேசைக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சிலருக்கு நடுக்கமும் வியர்வையும் வராமலே சக்கரை விழும். அப்படிப்பட்டவர் தனியாகக் காட்டுக்குள் போகக்கூடாது.

நெஞ்சுவலி இல்லாமலே மாரடைப்பு வரலாம். திடீர் மூச்சிரைப்பு, குளிர் வியர்வை, காரணமில்லாத சோர்வு வந்தால் வாயு என்று இஞ்சி தட்டிப் போடாமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ஆண்மைக் குறைவைப் பற்றி யாரும் வாய்திறப்பதில்லை. அது நீரிழிவால் நரம்பும் குழாயும் கெட்டதன் அடையாளம், சிகிச்சையும் உண்டு. ஒட்டுக்கடையிலும் இணையத்திலும் விற்கும் ‘வீரியக் கோப்பி’யில் அளவு தெரியாத மருந்து கலந்திருந்த சம்பவங்கள் பல. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர் அதைக் குடித்தால் இரத்த அழுத்தம் உயிரைப் பறிக்கும் அளவுக்கு விழும்.

சக்கரையை எப்படி இறக்குவது

சாப்பாட்டுக்கு முன் 4.4 முதல் 7.0 வரை, மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி 7 விழுக்காட்டுக்குள் என்பது பலருக்குப் பொருந்தும் இலக்கு. வயதானவருக்கும் அடிக்கடி சக்கரை விழுபவருக்கும் டாக்டர் தளர்த்துவார். பசியாறும்போது குடிக்கும் தே தாரிக்கில் ஒவ்வொரு மேசைக்கரண்டி கெட்டிப்பாலும் ஏறக்குறைய 11 கிராம் சீனி. ‘தே ஓ கோசோங்’ (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) என்று கேட்கப் பழகுங்கள். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, அரைத் தட்டு காய்கறி. சிகரெட்டை விடாமல் காலைக் காப்பாற்றுவது கடினம். குழாயைச் சுருக்குவதில் சக்கரைக்கு அது கூட்டாளி.

பல ஆண்டு கவனிக்காமல் விட்டதை ஒரே மாதத்தில் இறக்கவும் முயலவேண்டாம். எச்பிஏ1சி மூன்று மாதத்தில் 2 புள்ளிக்கு மேல் சரிந்தால் சிலருக்குப் புதிதாகக் கடும் எரிச்சல் கிளம்பும். ‘மருந்து சாப்பிட்டதாலதான் கால் எரியுது’ என்று அப்போது மாத்திரையைக் குப்பையில் போடுவார்கள். டாக்டரிடம் சொன்னால் வேகத்தைக் குறைப்பார். அந்த எரிச்சல் பெரும்பாலும் மாதக்கணக்கில் தணியும்.

ஒரு முறை புண் வந்து ஆறிய கால் தனி வகை. நூறு பேரில் நாற்பது பேருக்கு ஒரே வருடத்துக்குள் மறுபடி புண் வருகிறது. அவர்களுக்கு வருடச் சோதனை போதாது. ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாதத்தைக் காட்டவேண்டும். ஆறிய அன்றே, கட்டைக் கழற்றிவிட்டு கிளினிக்கை விட்டு இறங்குமுன், அடுத்த தேதியை நீரிழிவுப் புத்தகத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.